மைனஸ் 40 டிகிரியும் பாம்பன் பாலமும்

இராமநாதபுரம் கடற்கரையில் கார் வைத்திருப்பவர்களிடம் எந்தப் பழுதைச் சொன்னாலும், முதலில் வரும் பதில் உப்புக்காற்று என்பதாகத்தான் இருக்கும். கதவுக் கீல் இறுகினாலும், சைலன்சரில் ஓட்டை விழுந்தாலும், ஹாரன் திடீரென்று ஊமையானாலும் குற்றவாளி அதுவே. பெரும்பாலும் அந்தத் தீர்ப்பு சரியாகவும் இருக்கும். ஆனால் டேஷ்போர்டில் உள்ள மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு சில நாள் எரிந்து, சில நாள் அணைந்து, மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் நாளில் மட்டும் ஒன்றுமே நடவாததுபோல் இருக்கும்போது, உப்புக்காற்று என்ற பதிலை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. அந்த உப்பு எந்த வயரில், எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அது எந்தத் தருணத்தில் பழுதாக வெளிப்படுகிறது என்பது தெரிந்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுப்பதில் பொருள் உண்டு.

என்னுடையது 2013-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். உச்சிப்புளியில் வீடு, இராமேஸ்வரத்தில் வேலை. ஆகவே பாம்பன் பாலம் எனக்குச் சுற்றுலாத் தலம் அல்ல, அன்றாட வழி. விளக்கு முதன்முதலில் எரிந்ததும் பாலத்தின் மேல்தான், அடுத்தடுத்து எரிந்தபோதும் பல முறை பாலத்தை ஒட்டித்தான். கேட்டவர்கள் அனைவரும், பாலத்தின் இரு பக்கமும் கடல், மேலே காற்று, ஈரம் உள்ளே இறங்குகிறது என்று ஒரே குரலில் சொன்னார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

இந்த விளக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி ஒரு பழுதைக் கண்டவுடன் எப்போதும் விளக்கை ஏற்றிவிடுவதில்லை. பல வகைப் பழுதுகளை அது முதல் முறை குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். அடுத்த பயணத்திலும் அதே பழுது தென்பட்டால்தான் விளக்கு எரியும். அணைவதும் அப்படியே: தொடர்ந்து மூன்று பயணங்களில் பழுது மீண்டும் வராவிட்டால் விளக்கு தானாகவே அணைந்துவிடும், ஆனால் பழுதின் குறியீடு நினைவகத்தில் இன்னும் இருக்கும், எஞ்சின் குளிர்ந்த நிலையிலிருந்து நன்றாகச் சூடாகும் சுற்று 40 முறை பழுதின்றி நிகழ்ந்த பிறகே அது அழியும். விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டு விட்டுச் சிமிட்டுவதற்கும் வேறுபாடு உண்டு என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். வண்டி ஓடும்போது சிமிட்டினால் சிலிண்டர் ஏதோ ஒன்று மிஸ் அடிக்கிறது, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு வெளியேறுகிறது என்று பொருள். அப்போது ஆராய்ச்சிக்கு இடமில்லை, வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதான்.

ஆக, விளக்கு அணைந்தது என்பதால் பழுது போய்விட்டது என்று ஆகாது; விளக்கு எரிந்த இடம்தான் பழுது நிகழ்ந்த இடம் என்றும் எப்போதும் சொல்ல முடியாது. பழுது நிகழ்ந்த கணத்தைத் தெரிந்துகொள்ள வேறு ஒரு சான்று இருக்கிறது. குறியீட்டைப் பதியும்போதே, அந்த நொடியில் எஞ்சின் எத்தனை சுற்று ஓடிக்கொண்டிருந்தது, வண்டியின் வேகம் என்ன, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் வெப்பநிலை என்ன, எஞ்சின்மீது எவ்வளவு சுமை இருந்தது ஆகியவற்றையும் கணினி சேர்த்துப் பதிந்து வைக்கிறது. மெக்கானிக்குகள் இதை ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். விட்டுவிட்டு வரும் பழுதைத் தேடுபவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை.

இந்தச் சான்றை அழிப்பதற்கு நம் ஊரில் ஓர் எளிய வழியும் வழக்கத்தில் இருக்கிறது: பேட்டரி முனையைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து மாட்டுவது. விளக்கு அணைந்துவிடும், வண்டிக்காரர் மகிழ்ச்சியோடு போவார், ஒரு வாரத்தில் திரும்ப வருவார். திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வருவதற்கு முன் கூட்டிப் பெருக்கிவிடுவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. எனக்கும் இந்த ஆலோசனை வழங்கப்பட்டது. நான் ஸ்கேனர் வாங்கினேன். ஸ்டீயரிங்குக்கு அடியில் உள்ள 16 முனைச் சாக்கெட்டில் செருகி, புளூடூத் வழியாக மொபைலில் படிக்கும் சிறிய கருவி அது. வண்டியே தன் பழுதைக் கண்டு குறித்துக்கொள்ளும் இந்த ஓபிடி முறை அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயம், இந்தியாவில் 2010-க்குப் பிறகு படிப்படியாக வந்தது. 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் இத்தகைய மலிவான கருவியே போதும். அதைவிடப் பழைய வண்டிகளில் தயாரிப்பாளரின் தனி ஸ்கேனர் தேவைப்படலாம்.

கருவி காட்டிய குறியீடு பி0118. கூலண்ட் வெப்பநிலை சென்சாரின் சுற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது என்பது அதன் பொருள். ஃப்ரீஸ் ஃப்ரேமைத் திறந்தால் எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலை 31 டிகிரி, கூலண்ட் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று இருந்தது. சித்திரை வெயிலில் பாம்பனில் மைனஸ் 40 என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும்; ஆனால் அந்த எண்ணில்தான் பாதி விடை இருந்தது.

கூலண்ட் சென்சார் என்பது வெப்பம் ஏற ஏறத் தன் மின்தடையைக் குறைத்துக்கொள்ளும் ஒரு சிறு பொருள். பல கார்களில் அதன் மின்தடை 20 டிகிரியில் ஏறத்தாழ 2500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் என்ற அளவில் இருக்கும். கணினி 5 வோல்ட்டை ஓர் உள் மின்தடை வழியாக அனுப்பி, சென்சாருக்கும் தனக்கும் இடையே எவ்வளவு மின்னழுத்தம் நிற்கிறது என்று பார்த்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. வயர் எங்காவது அறுந்தால் மின்தடை முடிவற்றதாகிவிடும். கணினி முழு 5 வோல்ட்டைக் காணும். தன் அட்டவணையில் உள்ள மிகக் குளிர்ந்த எண்ணான மைனஸ் 40-ஐக் காட்டும். மாறாக, வயரைச் சென்சாரோடு இணைக்கும் கப்ளருக்குள் உப்பு ஈரம் இறங்கி இரண்டு பின்களுக்கும் இடையே மின்சாரம் கசிந்தால், மின்தடை குறையும். அப்போது எஞ்சின் உள்ளதைவிடச் சூடாக இருப்பதாகத்தான் கணினி நினைக்கும். அதாவது ஈரம் சூட்டைக் காட்டும், அறுந்த வயர் குளிரைக் காட்டும். ஊரே சொன்ன ஈரக் கொள்கை அந்த ஒரே எண்ணில் அடிபட்டுப் போனது.

இதற்கிடையே ஒரு பட்டறையில் குறியீட்டைப் பார்த்தவுடன் சென்சாரை மாற்றச் சொன்னார்கள். குறியீடு சென்சாரின் பெயரைச் சொல்வதால் சென்சாரை மாற்றுவது பரவலான பழக்கம். ஆனால் குறியீடு சொல்வது அந்தச் சுற்றைப் பற்றி, அதில் உள்ள உறுப்பைப் பற்றி அல்ல. சென்சாரைச் சோதிக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. குளிர்ந்த எஞ்சினில் கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பார்த்தேன். எஞ்சின் சூடானபின் மீண்டும் பார்த்தேன். இரண்டும் ஒழுங்காக இருந்தன, தட்டினாலும் அசைத்தாலும் மாறவில்லை. பிறகு கப்ளரின் இரு பின்களையும் ஒரு சிறு வயரால் இணைத்தால், ஸ்கேனரில் மைனஸ் 40 போய் வெப்பநிலை உச்சத்துக்கு ஏற வேண்டும், ஏறியது. அந்த நேரத்தில் வயரும் கணினியும் நலமாகவே இருந்தன என்பதற்கு அது சான்று. பழுது எப்போதாவது வருவது என்பதால், இந்தச் சோதனை வயரை முழுமையாக விடுவித்துவிடாது, சென்சாரை விடுவித்தது.

பதிந்திருந்தது ஒரே ஒரு குறியீடு என்பதும் முக்கியம். கூலண்ட் சென்சாரின் எர்த் வயர், த்ரோட்டில் சென்சார் போன்ற வேறு சில சென்சார்களின் எர்த்தோடு ஒரே இணைப்பில் சேர்ந்துதான் கணினிக்குப் போகிறது. அந்தப் பொது எர்த் விட்டுவிட்டுப் போயிருந்தால், கூலண்ட் சென்சார் மட்டும் புலம்பியிருக்காது; கூடவே இரண்டு மூன்று குறியீடுகள் வந்திருக்கும். ஆகவே சந்தேகம் இந்த ஒரு சென்சாருக்கே உரிய வயரில் வந்து நின்றது. குறியீடுகள் குவியலாக வரும்போது அவற்றுக்குப் பொதுவானது எது என்று பார்ப்பதும், தனியாக வரும்போது அதற்கு மட்டுமே உரியது எது என்று பார்ப்பதும் பொருள் வாங்கும் செலவை மிச்சப்படுத்தும்.

இனி எஞ்சியது தருணம். ஒவ்வொரு முறையும் ஃப்ரீஸ் ஃப்ரேமை எழுதி வைத்துக்கொண்டு, குறியீட்டை அழித்து, அடுத்த பதிவுக்குக் காத்திருந்தேன். சேர்ந்த குறிப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது வெப்பநிலையோ நேரமோ ஒத்துப்போகவில்லை. காலையிலும் நிகழ்ந்தது, உச்சி வெயிலிலும் நிகழ்ந்தது. ஒத்துப்போனவை வேகமும் சுமையும்: எப்போதும் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்குக் கீழ், எப்போதும் சுமை அதிகம். அதாவது நின்ற வண்டி முதல் கியரில் புறப்படும் நேரம்.

பாலத்தின் மர்மமும் அங்கேதான் அவிழ்ந்தது. 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம், அடியில் படகுகள் போக வேண்டும் என்பதற்காக நடுவில் உயர்ந்து நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அந்த உச்சியில்தான் வண்டியை நிறுத்திக் கடலைப் பார்க்கிறார்கள். 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டபின் அதன் தூக்குப் பகுதியைப் படமெடுக்க நிற்கும் கூட்டம் இன்னும் கூடிவிட்டது. நிறுத்தக் கூடாது என்று எத்தனை பலகை வைத்தாலும் நிற்காதவர் இல்லை. விளைவாக, என்னைப் போல வேலைக்குப் போகிறவர்கள் ஏற்றத்தில் நின்று நின்று அரை கிளட்சில் புறப்பட வேண்டியிருக்கிறது. கடற்காற்றுக்கும் விளக்குக்கும் இருந்த தொடர்பு இவ்வளவுதான். எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் நின்று கிளம்பியபோதும் இதே பதிவு கிடைத்திருக்கிறது, அங்கே கடலும் இல்லை, காற்றும் இல்லை.

முன்சக்கர இழுவைக் காரில் எஞ்சின் குறுக்காக அமர்ந்திருக்கும். முதல் கியரில் புறப்படும்போது அது தன்னைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்களின் மேல் ஒரு பக்கமாகச் சாயும், ரிவர்ஸில் மறுபக்கமாகச் சாயும். மவுண்ட் பழசாக ஆக, இந்தச் சாய்வு கூடும். எஞ்சினுக்குப் போகும் வயர்க் கட்டு, அசையாத பாடியிலிருந்து அசையும் எஞ்சினுக்குத் தாவும் இடத்தில், ஒவ்வொரு புறப்பாட்டின்போதும் இழுபடுகிறது. என் காரில் அந்த இடம் பேட்டரித் தட்டுக்கு அடியில் இருந்தது.

ஊகத்தை வாசலிலேயே சோதித்துப் பார்த்தோம். பானெட்டைத் திறந்துவைத்து, மைத்துனரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, ஹேண்ட் பிரேக்கோடு கால் பிரேக்கையும் அழுத்தச் சொன்னேன். மல்டிமீட்டரின் முனையைச் சென்சார் கப்ளரின் பின்பக்கமாக ஒரு குண்டூசி வழியே சிக்னல் வயரில் தொடவைத்திருந்தேன். வயரின் மேலுறையைக் குத்தித் துளைத்துப் பார்ப்பது எளிது. ஆனால் நம் கடற்கரையில் அந்தத் துளை ஒவ்வொன்றும் அடுத்த ஆண்டின் பழுது. இந்தச் சோதனையின்போது வண்டிக்கு நேர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. "மாப்ள, பர்ஸ்ட் கியர் போட்டு கிளட்ச்சை மெதுவா விடு" என்றேன். எஞ்சின் சாய்ந்தது, இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல் நின்ற எண் சடாரெனப் பூஜ்யத்துக்கு விழுந்தது, அதே நொடியில் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுழலத் தொடங்கியது. "மச்சான், ஃபேன் ஓடுது! வண்டி இன்னும் சூடாகவே இல்லையே?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. ரிவர்ஸில் எத்தனை முறை செய்தும் எண் அசையவில்லை.

ஃபேன் ஓடியதற்குக் காரணம் உண்டு. கூலண்ட் எவ்வளவு சூடு என்பதைத் தெரிந்துகொள்ள வழியில்லாதபோது, எஞ்சின் கொதித்துவிடக் கூடாதே என்று கணினி ஃபேனை ஓடவிட்டுவிடும். குளிர்ந்த எஞ்சினில் காரணமின்றி ஃபேன் ஓடினால், விளக்கு எரியாவிட்டாலும் இந்தச் சுற்றைப் பார்க்க வேண்டும். எண் பூஜ்யத்துக்கு விழுந்ததிலும் செய்தி இருந்தது: எர்த் வயர் அறுந்திருந்தால் சென்சார் பக்கத்தில் 5 வோல்ட் காட்டியிருக்கும், பூஜ்யம் காட்டியதால், கணினியிலிருந்து வரும் சிக்னல் வயர்தான் வழியில் எங்கோ அறுகிறது.

பேட்டரியையும் தட்டையும் எடுத்து, வயர்க் கட்டின் மேல் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தபோது வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. மஞ்சள் கோடு போட்ட பச்சை வயர், மேலுறை முழுசாக, வழவழப்பாக. விரலால் நெருடிக்கொண்டே போனால், ஓரிடத்தில் மட்டும் உள்ளே ஒன்றுமில்லாததுபோல் தளர்ந்து மடிந்தது. பிளேடால் உறையைக் கீறினேன். செம்பு இருக்க வேண்டிய இடத்தில் மயில்துத்த நிறத்தில் ஈரப் பொடி. அதைத் தட்டிவிட்டால், ஒரே ஒரு இழை, அதுவும் கறுத்து, இரு முனைகளையும் தொட்டும் தொடாமலும் கிடந்தது. எஞ்சின் சாயும்போது அந்த இழையின் முனை விலகுகிறது, நேராகும்போது மீண்டும் தொடுகிறது.

இதற்கு முன்பே நான் மல்டிமீட்டரில் அந்த வயரின் தொடர்ச்சியைப் பார்த்திருந்தேன். பீப் ஒலி தெளிவாக வந்தது. மண்டபத்தில் விசைப்படகுகளுக்கும் வண்டிகளுக்கும் வயரிங் செய்யும் பாய் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "தம்பி, பீப் சத்தத்துக்கு ஒரு இழை போதும். ரெண்டு பக்கமும் கப்ளரைக் கழட்டிட்டு, இண்டிகேட்டர் பல்பை மாட்டி அந்த வயர் வழியா எரிய விடுங்க. எரிஞ்சா வயர் இருக்கு, மங்குனா வயர் போச்சு." 21 வாட் பல்புக்கு ஏறத்தாழ இரண்டு ஆம்பியர் வேண்டும், சென்சாருக்கோ சில மில்லி ஆம்பியர்தான் வேண்டும். ஒற்றை இழை சென்சாரை ஓட்டிவிடும், பல்பை எரிக்காது. கணினி பக்கத்துக் கப்ளரைக் கழற்றாமல் இந்தச் சோதனையைச் செய்தால் கணினியே போய்விடும் என்பதை அவர் இரண்டு முறை சொன்னார்.

மேலுறை கிழியாமல் உள்ளே எப்படி அழுகியது என்ற கேள்விக்கு விடை, பேட்டரியின் அருகாமையிலும் நம் தண்ணீரிலும் இருக்கிறது. சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானே கசிந்து நீராகிறது. கடல் உப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு அதில் பாதி ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துக்கொள்ளும். வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் பகுதியில், கச்சான் வீசினாலும் வாடை வீசினாலும் வயர்மேல் படியும் உப்பு முழுதாகக் காய்வதே அபூர்வம். அந்த நீர், பேட்டரி அமிலத்தின் ஆவியோடு சேர்ந்து, கட்டுக்குள் இருந்த ஒரு பழைய இணைப்பின் வழியே நுழைந்து, திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல இழைகளுக்கு இடையே ஏறியிருக்கிறது. போதாததற்கு, தனுஷ்கோடி போய்வந்த வண்டியைக் கழுவுகிறோம் என்று பலர் வீட்டு போர்த் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். இந்த மாவட்டத்தில் பல இடங்களில் அதுவே உவர் நீர். காவிரிக் கூட்டுக் குடிநீரைக் காருக்கு ஊற்ற மனம் வராதுதான். அப்படியானால் அடிப்பாகத்தை மட்டும் கழுவி, பானெட்டுக்குள் ஈரத் துணியால் துடைப்பது நல்லது.

சரிசெய்தது இப்படி. பளபளக்கும் செம்பு தெரியும்வரை வயரை இரு பக்கமும் வெட்டினோம். பச்சை நிறம் எதிர்பார்த்ததைவிட வெகுதூரம் போயிருந்தது. படகுகளில் போடுவதைப் போன்ற, வெள்ளீயம் பூசிய செம்பு இழைகள் கொண்ட வயரை அதே தடிமனில் எடுத்து நடுவில் சேர்த்தோம். ஈயப் பற்று வைப்பதை பாய் விரும்பவில்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்துவிட்டால், அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில் வயர் ஒடியும் என்பது அவர் அனுபவம். குழாய் போட்டு நெரித்து இணைத்து, உள்ளே பசை பூசிய சுருங்கும் உறையை துப்பாக்கிபோல் இருக்கும் சூட்டுக் காற்றுக் கருவியால் சுருக்கினார். பசை இரு முனைகளிலும் பிதுங்கி வந்தால்தான் ஈரம் நுழையாது. வயர்க் கட்டை மீண்டும் பிணைக்கும்போது பழைய இடத்தில் இறுக்காமல், எஞ்சின் சாய்ந்தாலும் இழுபடாத அளவுக்கு ஒரு வளைவு விட்டோம். பேட்டரித் தட்டைச் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவிக் காயவைத்துப் பெயிண்ட் அடித்தோம். கிழிந்திருந்த எஞ்சின் மவுண்ட்டையும் மாற்றினேன். அதை விட்டுவைத்தால் பக்கத்து வயர்களும் இதே வழியில் போகும்.

வேலை முடிந்ததை விளக்கு அணைந்ததை வைத்து முடிவுசெய்யவில்லை. அதே வாசலில், அதே முதல் கியர்ச் சோதனையை மீண்டும் செய்து, மீட்டரின் எண் நகராததைப் பார்த்தோம். பிறகு குறியீட்டை அழித்துவிட்டு, விளக்கு எரியும் முன்பே நிலுவையில் நிற்கும் குறியீடுகளை ஸ்கேனரில் அவ்வப்போது பார்த்துவந்தேன். பி0118 அந்தப் பட்டியலிலும் திரும்பவில்லை. மாற்றச் சொன்ன சென்சார், வண்டி வந்த நாளில் போட்ட அதே சென்சார்தான், இன்றும் ஓடுகிறது. அதே கட்டில் ஓடும் ஆக்ஸிஜன் சென்சார் வயரையும் பல்பு மாட்டிப் பார்த்தேன். சற்று மங்கலாகத்தான் எரிகிறது. மழைக்காலம் தொடங்கும் முன் அதையும் பிரிக்க வேண்டும்.